எலிசாவின் ஒரு சுற்று

என் மனைவி எலிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கேட்டிங் ஆசை பிடித்தது. அப்போது, ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். குளிர்காலத்தில் எதிரே இருந்த பூங்காவில் தண்ணீரை உறைய வைத்துத் தளம் போடுவார்கள். அதைச் சமைத்தபடி குசினி யன்னலில் நின்று வருடக்கணக்காகப் பார்த்தவள், 2004 தை மாதம் ஒருநாள், பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்கேட்டிங் சப்பாத்துகளோடு வந்து நின்றாள். மன்னாரில் சைக்கிள்கூட ஓடாதவள். நான் சிரித்தேன். அவள் முறைத்தாள்.

எதையும் பிடிக்காமல் ஒரு முழுச் சுற்று வரவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. தையல் வேலை முடிந்து வந்ததும் புறப்பட்டுவிடுவாள். நான் தேத்தண்ணிப் போத்தலோடு தளத்தோரத்து வாங்கில் உட்கார்ந்து காவல். ஓரப் பலகையைப் பிடித்து, விழுந்து, எழும்பி, ஒருவழியாக அரைச் சுற்றுவரை தேறிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. மிகவும் பிடித்ததை ஒறுத்தலாக விடவேண்டும் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள். எலிசா ஸ்கேட்டிங்கை விட்டாள். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் புதுச் சேலையோடு நேரே பூங்காவுக்குப் போனாள். தளம் இருந்த இடத்தில் சேறும் தண்ணீரும் கிடந்தன. ஈஸ்டர் சித்திரையில் வருகிறது, பங்குனியிலேயே ஐஸ் கரைந்துவிடும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் இருவருக்கும் புத்தி வரவில்லை. எனக்குப் பெரிய கவலையாகப் போய்விட்டது.

அந்தப் பூங்காவில் எங்களுக்கு அடுத்த குளிர்காலம்தான் கடைசி. கோடையில், மகன் அனுஜன் பக்கத்து நகரமான லவாலில் வாங்கிய வீட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. அந்த வருடம் தவக்காலமும் முந்திக்கொண்டது. எலிசா மறுபடி சப்பாத்துகளைப் பெட்டியில் போட்டுக் கட்டினாள். வேறு எதையாவது விடச் சொன்னேன். பிடிக்காததை ஆண்டவருக்குக் கொடுப்பதா என்று கேட்டாள்.

எனக்கு முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் உயிர். சனி, ஞாயிறு என்றால் கூட்டாளி சிவராசா வீட்டில் சீட்டும் கையுமாகத்தான் இருப்பேன்.

"இஞ்சாரும், உம்மட ஒறுத்தலை நான் செய்யிறன். சீட்டைத் தொடமாட்டன். நீர் போய் ஓடும்," என்றேன்.

பிள்ளையின் காய்ச்சலுக்குத் தாய் போய் எங்கள் மன்னார் மடு மாதாவிடம் நேர்த்தி வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று விளக்கமும் சொன்னேன். அவள் அரை மனதோடு பெட்டியை அவிழ்த்தாள்.

தவக்காலத்து மூன்றாவது ஞாயிறு பின்னேரம், சிவராசா வீட்டில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும் நேரம், எலிசா பலகையை விட்டாள். கைகளை விரித்தபடி மெல்ல மெல்ல முழுத் தளத்தையும் சுற்றி என் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மூக்கு சிவந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீட்டு ஞாபகம் வந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லை. ஒருக்காக்கூட வரேல்ல."

"அப்ப இது ஒறுத்தலில சேராது," என்று சிரித்துக்கொண்டே இரண்டாம் சுற்றுக்குப் போனாள்.

லவாலுக்கு வந்து கனகாலமாகிவிட்டது. இப்போது சீட்டுக்குத் தடையேதும் இல்லை. நல்ல கை வந்திருக்கும்போதும், சில நேரம், அந்தக் குளிர்ந்த வாங்கில் போய் உட்கார வேண்டும்போல் இருக்கிறது.