தபீதாள் எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன சர்ச்சில் தபீதாள் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. பகலில் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் எடுப்பாள். மாலையானால் சர்ச் காம்பவுண்டில் உள்ள ஷீட் போட்ட அறைக்கு வந்துவிடுவாள். தெருப் பிள்ளைகளுக்கு அங்கேதான் டியூஷன். சபைப் பிள்ளைகள் பாதி, சபையில் இல்லாத ஊர்க்காரர் லோகநாதன் வீட்டுப் பேரப்பிள்ளைகளைப் போன்றவர்கள் மீதி. கணவர் இறந்த பிறகு அந்த அறைதான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

அந்த அறையை இடிக்கவேண்டும் என்று சொன்னது அவளுடைய சொந்தத் தம்பி.

ஜோனத்தான் திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கிறான். சபையில் கட்டடக் கமிட்டிச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பேர் வெளியே வெயிலில் நிற்கிறார்கள், அறையை எடுத்துவிட்டால் சர்ச்சை அந்தப் பக்கமாக நீட்டலாம் என்பது அவன் பேச்சு. அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று தபீதாளால் சொல்ல முடியவில்லை. ஆனால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இதைப் பற்றி அவன் வீட்டிலேயே உட்கார்ந்து அக்காவும் தம்பியும் நிறையப் பேசினார்கள். குரல் உயர்ந்தது, முகம் சிவந்தது. ஆனாலும் அவன் மனைவி ஜென்சி சாப்பாடு போட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள்.

சபை இரண்டாகப் பிரிந்தபோது அந்தச் சாப்பாடும் நின்றுபோனது. அறை இருக்கவேண்டும் என்றவர்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, தபீதாளைத்தான் முதலில் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் ஜோனத்தானைப் பற்றி. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். யாரோ அவனுக்கு 'டைப்ரைட்டர்' என்று பேர் வைத்தார்கள். அவன் ஜெபம் பண்ணுவதைப் போலப் பேசி ஒருவர் குரல் பதிவு போட, அதற்குச் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. இது வேண்டாமே என்று தபீதாள் எழுதினாள். பதில் எதுவும் வரவில்லை. அன்றைக்கே அவள் குழுவைவிட்டு விலகினாள்.

அறையை இடிப்பதா என்று ஓட்டெடுக்கும் சபைக் கூட்டம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடந்தது. போதகர் ஐயர் ஜெபத்தோடு தொடங்கிவைத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ஜோனத்தான் மைக்கைப் பிடித்தான். கூட்டம் என்றாலே அவனுக்கு வார்த்தை அடைக்கும். "சபை வ... வ..." என்று நின்றுவிட்டான். பின்வரிசையிலிருந்து ஒருவர் அதே மாதிரி இழுத்துச் சொன்னார். முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பெஞ்சுக்குப் பெஞ்சு சிரிப்பு. தபீதாளின் பக்கத்தில் இருந்த அவள் சிநேகிதி, அதே குழுவின் செல்வமேரி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஜோனத்தான் தரையைப் பார்த்தபடி நின்றான்.

தபீதாள் எழுந்தாள்.

"அவன் சொல்றது எனக்குச் சம்மதம் இல்ல. ஓட்டும் அவனுக்கு எதிராத்தான் போடப் போறேன்" என்றாள். "ஆனா அவன் பேசி முடிக்கட்டும். கர்த்தருடைய பந்தியில நம்மகூட உட்கார்றவன் அவன்."

சிரிப்பு அடங்கியது. ஜோனத்தான் முழுசாகப் பேசி முடித்தான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, வெயிலில் நிற்கிற வயதானவர்களைப் பற்றிச் சொன்னான். சொன்ன விதம் பலருக்கு மனதில் பட்டிருக்கவேண்டும். ஓட்டு அவன் பக்கம் விழுந்தது. சொன்னபடியே தபீதாள் எதிராகத்தான் கை தூக்கினாள். தோற்றாள்.

வெளியே வரும்போது அறை இருக்கவேண்டும் என்றவர்கள் யாரும் அவளோடு நடக்கவில்லை. ஜெயிக்கவேண்டியதைத் தம்பி பாசத்தில் கெடுத்துவிட்டாள் என்று செல்வமேரி அவள் காதுபடவே சொன்னாள். அடுத்த நற்கருணை ஞாயிறில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது செல்வமேரி பின்வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூப்பிய கையோடு தபீதாள் நின்றாள். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

தம்பியாவது புரிந்துகொள்வான் என்று அவன் வீட்டுக்குப் போனாள். ஜென்சி கதவைத் திறந்து காபி போட உள்ளே போனாள். ஜோனத்தான் டிவியை அணைக்கவில்லை.

"நீ ஏன்க்கா எழுந்த?" என்றான்.

"அவங்க சிரிச்சாங்கடா."

"எனக்கு அது பு... புதுசா? நானே சமாளிச்சிருப்பேன். இப்ப அக்கா வந்து கா... காப்பாத்தினதாலதான் ஜெயிச்சேன்னு சொல்றாங்க. அவங்க சிரிச்சதுகூடப் பரவால்ல."

அவன் தப்பாகச் சொல்வதாகத் தபீதாளுக்குத் தோன்றவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே இருந்திருக்க முடியுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அதுவும் முடிந்திருக்காது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

கோடை விடுமுறையில் அறையை இடித்தார்கள். பிள்ளைகளைத் தன் வீட்டு வராந்தாவுக்கு வரச் சொன்னாள். கொஞ்சம் பேர் வந்தார்கள். மற்றவர்கள் காசு கொடுத்துப் படிக்கிற இடங்களுக்குப் போனார்கள், சிலர் எங்கேயும் போகவில்லை. இடித்த நாளில் செல்வமேரி போன் பண்ணினாள். குரலில் கனிவு இருந்தது. "பாத்தீங்களா டீச்சர், அந்த டைப்ரைட்டர் பண்ண வேலைய? நீங்களும் மனசு விட்டுப் பேசுங்க, பாரம் குறையும்" என்றாள்.

அந்த நேரத்தில் தபீதாளுக்கும் தம்பிமேல் கோபம் கொதித்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழைய சிநேகமெல்லாம் திரும்பி வந்திருக்கும். தனிமை அவளை அவ்வளவு வாட்டியிருந்தது.

"அவன் பண்ணது தப்புதான் செல்வமேரி. அவன் பேரு ஜோனத்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவளுக்கு இல்லை. ஐயர் மட்டும் பொறுமையாக இருங்கள் என்றார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தபீதாள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறாள். தம்பி எதிரே வந்தால் "ஸ்தோத்திரம்" சொல்கிறாள். சில வாரம் தலையசைப்பான், சில வாரம் போனைப் பார்ப்பான்.

ஆரம்பத்தில், ஆண்டவரே அவனுக்குப் புத்தியைக் கொடும் என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்த ஜெபத்திலேயே அவனைக் கீழே நிறுத்திவைத்துத் தான் மேலே நிற்பதுபோல் பட்டது. அதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக என்ன கேட்பது என்று இன்னும் தெரியவில்லை. அவன் பேரைச் சொல்கிறாள், செல்வமேரி பேரைச் சொல்கிறாள். அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. அப்படியே கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.