சோற்றைத் துறந்தவர்

என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததுமே காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். தியாகம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். மதியம் தட்டு நிறையச் சோறு சாப்பிடுவார். உடனே கண் சொருகும். தூங்கி எழுந்தால் மறுபடியும் பசி. அடுத்த பரிசோதனையில் அளவு இன்னும் ஏறியிருந்தது.

"சோறும் உள்ள போனா சர்க்கரையாத்தானுங்க ஆகுது. அளவாச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அளவு என்பது என் கணவருக்குப் பிடிபடாத விஷயம். சோறு, இட்லி எல்லாவற்றையும் அடியோடு விட்டார். அதன்பிறகு மின்விசிறி சத்தம் போட்டால்கூட என்மேல்தான் எரிந்து விழுவார்.

அப்போது கிணத்துக்கடவில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். இருவரும் காலையில் பஸ் ஏறிப் போனோம். மாத்திரையைப் போட்டுக்கொண்டவர், மண்டபத்தில் டிபனைத் தொடவில்லை. வெறும் காபி குடித்தார்.

தாலி கட்டி முடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். வாசலில் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் வியர்வை, கை நடுக்கம். மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துன ஸ்கூட்டரக் காணோமுங்க. கல்யாணத்துக்கு வந்தவன் நடந்து போறதுங்களா?"

பாவம், அந்த மனிதர் பக்கத்துத் தென்னந்தோப்புக்கெல்லாம் ஆள் அனுப்பிவிட்டு, "வண்டி நெம்பர் சொல்லுங்க" என்றார்.

இவர் யோசித்தார். "அதை உங்ககிட்ட எதுக்குங்க சொல்லோணும்?"

நான் அவர் கையைப் பிடித்தேன். "ஏனுங்க, நாம பஸ்சுலதானுங்க வந்தோம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "நீங்க யாருங்க?"

வியர்த்து நடுங்கினால் உடனே இனிப்புக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பந்திக்கு ஓடி, கல்யாணச் சமையல்காரரிடம் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்தேன். திட்டிக்கொண்டேதான் குடித்தார். நாற்காலியில் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது, முகம் தெளிந்தது.

"ஏம்மணி, எதுக்கு இத்தன பேரு தோப்புக்குள்ள சுத்தறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க ஸ்கூட்டரத் தேடறாங்க."

"அது ஊட்லயல்ல நிக்குது" என்றார், அவர்களுக்காக வருத்தப்பட்டு.

தாய்மாமனே இவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் இலை முன்னால் உட்கார வைத்தார்.

மறுநாள் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். "மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கிப்போகுமுங்க. கோவம் வரும், நெதானம் தப்பும்" என்றார். அன்றிலிருந்து ஒரு கிண்ணம் சோறு, அதைவிட அதிகமாகக் கீரையும் பொரியலும், நேரம் தவறாமல். மதியத் தூக்கம் குறைந்தது. ஞாபகம் ஒழுங்காக இருந்தது. கோபம் மட்டும் முழுதாகப் போகவில்லை. அதற்குச் சர்க்கரை காரணமில்லை என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.