மாவடிப்பள்ளிக் களவெட்டியில் ஒரு யூத வாத்தியார்

மாவடிப்பள்ளிக்கு எப்படிப் போவது, எப்போது போவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவன் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவில், மாசி மாத அறுவடையில், கொச்சியிலிருந்து வந்த ஒரு யூத வாத்தியாரை அங்கே கூட்டிப்போனவன் நான். போகாமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் சில நாள் தோன்றும்.

பெயர் ஏலியா மாஸ்டர். கொச்சியில் யூதப் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறிப் போய்விட, பள்ளியில் வாத்தியாரும் கரும்பலகையும் மட்டும் மிச்சம். அவருடைய தாயார் கப்பலேற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டு மகன் அவ்வளவு தூரம் எப்படிப் போவது? வேலை தேடி, நான் படம் அச்சடிக்கும் படக்கட்டைகள் செய்துகொண்டிருந்த கொழும்பு அச்சகத்துக்கு வந்தார்.

பம்பாயில் ஒரு பதிப்பாளர், யூதப் பிள்ளைகளுக்குப் படத்தோடு வேதப் பாடநூல் போட இருந்தார். வரைந்து காட்டும் மாதிரிப் படங்கள் அவருக்குப் பிடித்துப்போனால் ஓவியர் வேலை, கூடவே அங்குள்ள பள்ளியில் வாத்தியார் வேலை. பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. முக்கியமான படம், வேதத்தில் வரும் ஏழை விதவை ஒருத்தி கதிர் பொறுக்கிக்கொண்டு கதிரடிக்கும் களத்துக்கு வருவது. மாஸ்டர் பட்டணத்து மனிதர், களத்தையே பார்த்ததில்லை. “எங்கள் ஊரில் நபிமார் காலத்துக் களம் அப்படியே இருக்கிறது, எருமைகள்கூட அதே எருமைகள்தாம்” என்று நான் ஒரு போடு போட்டேன். நம்பிவிட்டார்.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலை மட்டக்களப்பு. அங்கிருந்து பஸ்ஸில் கல்முனை ஏறத்தாழ இருபத்தைந்து மைல். அந்த பஸ்ஸில் என் முதுகெலும்பு இடம் மாறி இன்றுவரை திரும்பி வரவில்லை. கல்முனையில் நான் மாப்பிள்ளையாகப் புகுந்த வீட்டில் தங்கினோம். மனைவி இறால் ஆக்கி வைத்திருந்தாள். யூத முறைப்படி, கடலில் செதில் இல்லாதது எதையும் மாஸ்டர் தின்ன மாட்டார். பருப்பும் சோறுமாக ஒப்பேற்றினார். வெள்ளி எங்களுக்கு ஜும்ஆத் தொழுகை, சனி அவருக்கு ஓய்வுநாள். ஆகவே வேலை ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கிற்று. இப்படிப்பட்ட துணையோடு போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

காரைதீவு வழியாக மாட்டுவண்டியில் ஐந்தாறு மைல். வண்டிக்காரர் மூன்று ரூபாய் கேட்டார், இரண்டரைக்கு வந்தார். எருமைகள் வட்டமாய்ச் சுற்றி நெல் உதிரச் சூடு மிதித்துக்கொண்டிருந்த களத்தை எங்களூரில் களவெட்டி என்போம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். யாராவது ஒரு பெண்ணைக் களத்தில் நிறுத்த வேண்டும் என்றார் மாஸ்டர். களத்துக்குப் பொறுப்பானவர் லெவ்வை காக்கா; அண்ணன் முறையில் மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம். அவர் முகம் கறுத்தது.

“பொம்புள களவெட்டிக்குள்ள கால் வெச்சா பொலி போயிரும், நெல்லு பெருகாது, தம்பி. ஏலா.”

“படத்துக்குத்தானே காக்கா, ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷத்துல போற பொலிய ஒங்கட மாஸ்டர் கொண்டு வந்து தருவாரா? ஏலாண்டா ஏலா.”

மாஸ்டர் கோபிக்கவில்லை. “எங்கட வேதத்தில் அவள் களத்துக்கு வந்தாள்” என்று மலையாள வாடையோடு மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க மனம் பொறுக்காமல் கல்முனைக்குத் திரும்பி மனைவியிடம் சீலை கேட்டேன்.

“மீசைய வழிச்சாத்தான் சீல தருவன்” என்றாள்.

வழித்தேன். மறுநாள் களவெட்டியில், முக்காடிட்ட பேரழகியாய் நான் இறங்கியபோது எருமைகள் நின்றன, காற்று நின்றது, சூரியன்கூடச் சற்றுத் தயங்கியது.

“காக்கா, இந்தக் கிளிய எங்க புடிச்சீங்க?” என்றான் ஒருவன்.

“எனக்குக் கட்டித் தாங்க, சீதனம் வேணா!” என்றான் இன்னொருவன்.

“வாய மூடிட்டு மாட்டச் சாச்சி ஓட்டுங்கடா. ஆம்புளதானே, நிக்கட்டும்” என்றார் லெவ்வை காக்கா. பிறகு மாஸ்டரிடம், “படத்துல என்ட மூக்கக் கொஞ்சம் சின்னனாக் கீறுங்க” என்று கேட்டுக்கொண்டார்.

மாஸ்டர் நான்கு நாள் பென்சிலால் வரைந்தார். வெயிலில் வெந்த கறுத்த முகங்கள், எலும்பு தெரியும் தோள்கள். ஒவ்வொன்றிலும் அவருடைய சொந்தச் சாயலும் கொஞ்சம் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம்.

பதிப்பாளரின் ஆள் கொழும்புக்கு வந்து படங்களைப் புரட்டினார். கோடுகளைப் புகழ்ந்தார். பிறகு, “இவர்கள் நம் முன்னோர் மாதிரி இல்லையே. கூலிகள் மாதிரி இருக்கிறார்கள். முகங்களை வெளுப்பாக்குங்கள்” என்றார்.

“என்னைப் போல இருக்கிறார்களே” என்றார் மாஸ்டர்.

அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். படங்களை அவர் பக்கம் தள்ளினார். அதுதான் பதில்.

தாயாருக்குச் சோறு போட வேண்டும். அன்று மாலை அச்சக மேசையில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்டர் ஒவ்வொரு முகமாக ரப்பரால் தேய்த்து வெளுப்பாக்கினார். லெவ்வை காக்காவுக்கு உண்மையிலேயே மூக்குச் சின்னதாயிற்று. நான் வெள்ளைக்காரத் துரைசாணி ஆனேன். “மீசையை வழித்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை, மாஸ்டர்” என்றேன். அவர் அடுத்த முகத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

வேலை கிடைத்தது. சில வருடம் கழித்து பம்பாய்க்குப் போனபோது அவரைப் பார்த்தேன். வகுப்பில் அந்த நூலைத்தான் நடத்துகிறாராம். பிள்ளைகள் எல்லாம் எங்களைப் போன்ற நிறம். ஒரு சிறுமி படத்தைக் காட்டி, “இதில் நம் ஆட்கள் யார், சார்?” என்று கேட்டாளாம்.

“என்ன சொன்னீர்கள்?”

“அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன்.”

போகிறவர்களுக்கு என் ஆலோசனை: மாசியில் போங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், களவெட்டிக்குள் செருப்போடு ஏறாதீர்கள். படம் கீறுகிறவர்கள் முகங்களை அங்கேயே, அந்த வெயிலிலேயே, மையால் கீறி முடித்துவிடுங்கள். பென்சிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.