திறப்பு விழாவுக்குக் காத்திருந்த வலைத்தளம்

அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தபோது சின்னமனூரில் ஓர் அறக்கட்டளை வாக்கர் கொடுத்து உதவியது. சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், காற்று மெத்தை என்று நோயாளிகளுக்கு வேண்டியதை இரவலாகக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. வாடகை கிடையாது, குணமானதும் திருப்பிக் கொடுத்தால் போதும். அம்மா நடக்கத் தொடங்கியபின் வாக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நன்றி பொங்கி, "உங்களுக்கு ஒரு வெப்சைட் செஞ்சு தரட்டுமாய்யா?" என்று கேட்டுவிட்டேன்.

தேனியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வலைத்தளம் வடிவமைக்கிறவள் நான். என் கணக்கில் இது ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் வேலை. எந்தப் பொருள் கையில் இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். மேகமலையிலிருந்தோ ஓடைப்பட்டியிலிருந்தோ ஒருவர் செலவழித்து வந்து, 'இல்லை' என்ற பதிலோடு திரும்பக் கூடாது.

அறக்கட்டளைத் தலைவர் அரிசி மண்டி வைத்திருப்பவர். "ரொம்ப சந்தோஷம்த்தா, செய்யி" என்றார். பொருள்களின் படங்களை அனுப்பச் சொன்னேன். செயலாளர், ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரு மூட்டைப் படங்களை வாட்ஸப்பில் கொட்டினார். தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். செயலாளர் மைக் முன்னால் நிற்கிறார். எதிலாவது சக்கர நாற்காலி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் தெரிந்தது. அதில் சிறப்பு விருந்தினர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நானே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்து, தளத்தின் நிறத்தில் வேலை நின்றது. எந்த நிறத்தை வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய கட்சிக் கொடியில் இருந்தது. கடைசியில் சாக்குப்பை நிறத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தொலைபேசி எண்ணுக்கு வந்தபோது தலைவர் தனியாகக் கூப்பிட்டு, "என் நம்பர மேல போடுத்தா, வாத்தியாரு போனே எடுக்க மாட்டாக" என்றார். அன்று சாயங்காலமே செயலாளரும் கூப்பிட்டு, தலைவரைப் பற்றி அதையே சொன்னார். இரண்டையும் ஒரே வரியில் போட்டேன்.

ஒருவழியாக முடிந்தது. திறந்துவிடலாமா என்று கேட்டேன்.

"அதெப்படி? விழா வைக்கணும்ல" என்றார் தலைவர். "பெரியவுக ஒருத்தர் வந்து பட்டனைத் தட்டித் தெறந்து வச்சாத்தான மரியாதை. தேதி கேட்டிருக்கோம். ஆடி போகட்டும்ங்கிறாக."

"வெப்சைட்டுக்கு ஆடி மாசமெல்லாம் கெடையாதுங்கய்யா."

"உனக்குக் கெடையாது. வர்றவுகளுக்கு உண்டுல்ல?"

ஆடி போனது. பெரியவர் வெளியூர் போனார். திரும்பி வந்தவருக்கு முதுகுவலி. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தளத்தைத் திறந்துவிட்டேன். செயலாளர் சொன்னபடி, சக்கர நாற்காலி இரண்டு இருப்பதாகப் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, தளத்தின் வழியாக எனக்கு ஒரு செய்தி வந்தது. மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். 'நாற்காலி இருக்குன்னு போட்டிருக்கு. வந்து கேட்டா இல்லங்கிறாக.' கீழே அவருடைய எண். அழைத்து, அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அறக்கட்டளை வாசலில் தலைத்துண்டோடு நின்றிருந்தார். என்னைவிட மூத்தவர். "அப்பாவுக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்திருச்சு மேடம். எஸ்டேட் லைன் வீட்டுல தூக்கித் தூக்கித்தான் வெளிய கொண்டு வர்றோம். ஜீப்பு கெளம்பிச்சுன்னா இன்னைக்கு வேற வண்டி இல்ல" என்றார்.

உள்ளே போய்ச் செயலாளரிடம் கேட்டேன். "அண்ணே, ரெண்டு இருக்குன்னு நீங்கதான சொன்னீக?"

"இருக்கத்தான் செய்யுது. இங்கன இல்ல."

"எங்கன இருக்கு?"

"ஒண்ணு எங்க மச்சான் வீட்டுல, உத்தமபாளையத்துல. இன்னொண்ணு தலைவர் வீட்டுல."

"யாருக்கு முடியல?"

"முடியாம யாரும் இல்லம்மா. பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கு."

தலைவர் வீடு அடுத்த தெரு, வாசலில் நின்றவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் மண்டிக்குப் போயிருந்தார். முன் அறையில் சக்கர நாற்காலி இருந்தது, மடியில் ஓர் இட்லி அரிசி மூட்டையோடு. தலைவரின் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இந்தச் சனியனா? எடுத்துட்டுப் போத்தா, நடக்க வழியில்லாம கெடக்கு" என்று மூட்டையின் ஒரு முனையை அவரே பிடித்தார். எஸ்டேட் தொழிலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓட, நான் கடைவீதி நெடுக அவர் பின்னால் ஓடினேன். ஜீப் டிரைவர் திட்டிக்கொண்டே அதைக் கூரைமேல் ஏற்றிக் கட்டினார். வண்டி நகரும்போது எஸ்டேட் தொழிலாளி உள்ளிருந்து கும்பிட்டார். எனக்குப் பதிலுக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. அத்தனை கோபம்.

மத்தியானம் தலைவர் கூப்பிட்டார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தெறக்காத வெப்சைட்ட அவுக எப்படிப் பாத்தாக?" என்றார்.

"நான் தெறந்துட்டேங்கய்யா."

"விழா வரைக்கும் மூடி வையி" என்றார். மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் இலவசமாகச் செய்த ஒரு வேலைக்காக அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. கடைசியில் அவர் மரியாதைக்காகத் தனியாக ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். அழுத்தினால் சிவப்பு ரிப்பன் இரண்டாக விலகும். விழா நாளில் பெரியவர் அழுத்தினார், ரிப்பன் விலகியது, கைதட்டினார்கள். திரையைக் கூர்ந்து பார்த்த பெரியவர், "நாற்காலி என்ன வெலைக்குக் குடுக்குறீக?" என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன், இருப்பை அன்றன்றைக்கு மாற்ற ஓர் ஆள் கொடுத்தால்தான் இனி நான் இருப்பேன் என்று. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எங்கிட்டக் குடு, நான் பாக்குறேன்" என்றார் தலைவரின் மனைவி. சொல்லிக் கொடுக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் போனை எடுத்து உத்தமபாளையத்துக்கு, செயலாளரின் மச்சானிடம் பேசினார். "நாளைக்கு நாற்காலி இங்கன இருக்கணும்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் போய்ப் பார்த்தேன், இருந்தது.

மாதக்கணக்கில் நான் அலைந்தது இதற்காகத்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியெல்லாம், இதை முதல் நாளே அந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு எரிந்துகொண்டே வந்தது.