சகலை வீட்டு வால்வு

பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, இசைத்தட்டு, எந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி, வால்யூம் எந்த எண்ணில் இருந்தது, கடைசியாக என் மனைவி எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தில், ஒரே ஒரு நாளைத் தவிர, இருபதைத் தாண்டிய எண் கிடையாது.

காலாப்பட்டில் இருக்கும் சகலை வீட்டில், அதாவது அவளுடைய அக்கா கணவர் வீட்டில், போன சித்திரையில் அவள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் கேட்டாள். அவர் வால்வு பிரீஆம்ப் ஒன்று வாங்கியிருந்தார். ஒலியைப் பக்குவம் செய்து கொடுப்பது பிரீஆம்ப். ஸ்பீக்கருக்கு வேண்டிய பலத்தைச் சேர்ப்பது பவர் ஆம்ப். அவருடைய பவர் ஆம்ப் என்னுடையதைப் போலவே சாதாரண டிரான்சிஸ்டர் சரக்குதான். முன்னால் இருந்த பெட்டியில் மட்டும் இரண்டு வால்வுகள், பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழாய்கள், செம்மஞ்சளாக எரிந்தன. அவள் கண்ணை மூடியிருந்தாள். என் ஹாலில் கண்ணை மூடினால் தூங்கிவிட்டாள் என்று பொருள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, "மாமா வீட்ல எதிர்ல உக்காந்து பாடற மாதிரியே இருக்குதுங்க" என்றாள்.

முத்தியால்பேட்டை வருவதற்குள் நானும் வால்வு சேர்ப்பதென்று முடிவெடுத்தேன். ஒரு பெட்டி மாற்றத்தான் வசதி. எந்த இடத்தில் என்று மூன்று மாதம் படித்தேன். என் ஸ்பீக்கர்கள் பலம் அதிகம் கேட்பவை; சின்ன வால்வு பவர் ஆம்ப் அவற்றுக்குப் போதாது; பிரீஆம்பில் சேர்ப்பதே சரி என்று தெளிவாகிவிட்டது. சகலையும் போனில் அதையே சொன்னார். "முன்னாடி போடுங்க சகல. பின்னாடி போட்டா உங்க ஸ்பீக்கர இழுக்க முடியாம நொரை தள்ளிடும்."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் பிரீஆம்பே வாங்கியிருப்பேன். வால்வு பவர் ஆம்ப் வாங்கினேன்.

முதல் ஞாயிறு நாகஸ்வரத் தட்டு ஒன்றை வைத்தேன். தனியாக வாசித்தவரை இனிமைதான். தவில் சேர்ந்ததும் எல்லாம் குழைந்துவிட்டது. "ஏங்க, தவில்காரருக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள். நோட்டில் பூஜ்யம்.

மறுவாரம் சகலை வந்தார். குத்திப் பேசுவார் என்று காத்திருந்தேன். வால்யூமைக் குறைத்துக் கேட்டுவிட்டு, "மெதுவா வச்சா நல்லாத்தான் இருக்குது சகல" என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம். அதற்கடுத்த வாரம் தன் பிரீஆம்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "பத்து நாள் வச்சிப் பாருங்க. உங்க பழைய பவர் ஆம்பயே மாட்டிக்குங்க."

மாட்டினேன். அதே நாகஸ்வரத் தட்டு. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும், "திருப்பிப் போடுங்க" என்றாள். என் ஹால், என் ஸ்பீக்கர், பக்கத்தில் என் மனைவி. பெட்டி மட்டும் அவருடையது. எத்தனையோ வருடம் ஆசைப்பட்ட அந்த நிமிடங்களில் எனக்கு நாகஸ்வரம் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"பத்து நாள் சொன்னேனே. எப்டி இருந்திச்சி?"

"பரவால்ல."

நோட்டில் நான் பொய் எழுதுவதில்லை. நாற்பத்து நான்கு நிமிடம் என்று எழுதினேன். பெட்டி என்ற கட்டத்தில் 'இரவல்' என்று போட்டேன்.

"ஏன் குடுத்துட்டீங்க? நம்மளும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாமே" என்றாள்.

பவர் ஆம்பை விற்க ஆள் பார்த்துவிட்டேன். பிரீஆம்ப் பட்டியலில் அவருடைய மாடலுக்கு மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அவருடையதை இன்னும் குறிக்கவில்லை.