நோவு காணாமல் பெற்றவளாம்!

என் தலைப்பிள்ளை வயிற்றில் குறுக்காகக் கிடந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துதான் எடுத்தார்கள். அறுக்காமல் விட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. தையல் பிரித்ததும் வேம்பாரில் என் தாய்வீட்டுக்கு வந்தேன்.

பிள்ளை பார்க்க வந்த பெரியம்மா, என் அம்மாவிடம், "ஏளா, நோவு காணாம மயங்கிக் கெடந்து பெத்தவளுக்கு எதுக்கு படுக்கை?" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கு மானம் போய்விட்டது போலும். என் அண்ணன் பெண்டாட்டி, மைனி, நோவெடுத்துப் பிள்ளை பெற்றபோது நாற்பது நாள் ஒரு துரும்பையும் தூக்கவிடாத அதே அம்மா, "சும்மாதான கெடக்க, எந்திரிச்சு ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள்.

நானும் ரோஷத்தில் கிணற்றுக்குப் போனேன். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றியதும் அடிவயிற்றில் சுரீரென்றது. குனிந்து பார்த்தால் சேலையெல்லாம் ரத்தம். பதறியடித்து மறுபடியும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்கள்.

"தோல மட்டுமா அறுத்தோம்? உள்ள கர்ப்பப்பையையும்லா அறுத்துத் தச்சிருக்கு! பச்ச உடம்புக்காரி கொடம் தூக்கலாமா?" என்று டாக்டரம்மா எரிந்து விழுந்தார்.

"வெளிய ஒரு கோடுதானம்மா தெரிஞ்சுது" என்றாள் அம்மா.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டேன். ஆனால் வயிற்றைக் கிழித்துப் பெற்றவளைச் சொகுசுக்காரி என்றார்களே, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இப்போதெல்லாம் தெரிந்தவர் வீட்டில் ஆபரேஷன் பிரசவம் என்றால், முதலில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்கிறேன். "நோவு காணாம பெத்தவ" என்று அங்கே யாராவது வாயைத் திறந்தால், குடத்தை அவர்கள் இடுப்பில் ஏற்றிவிடுகிறேன்.