வலிப்புக்காகக் காத்திருந்தோம்

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மிஷினில் இருந்தேன். ஒருமுறை அங்கேயே விழுந்துவிட்டதால் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: "மூளையில எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு ஸ்கேன்ல சரியா தெரியல. மண்டையில சின்னச் சின்னதா துளை போட்டு, உள்ள மெல்லிசா கம்பி வெச்சுப் பாக்கணும்." முன்பெல்லாம் அதற்குத் தலையில் இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி முடுக்குவார்களாம். இப்போது ஸ்கேன் படத்தை வைத்து ரோபோ கையே இடம் காட்டிவிடுமாம்.

என் மனைவி கேட்டாள்: "மிஷினா மேடம் ஓட்டை போடும்?"

"அது வழி காட்டும், ஆடாம நிக்கும். போடறது நான்தாம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் சம்மதித்தாள்.

கண் விழித்தபோது தலை முழுக்கக் கட்டு, அதிலிருந்து கொத்தாக வயர்கள். மாத்திரையைக் குறைத்தார்கள். இனி வலிப்பு வர வேண்டும். வந்தால்தான் அந்தக் கம்பிகள் இடத்தைச் சொல்லும். கட்டிலுக்கு எதிரே கேமரா. வரக் கூடாது என்று இத்தனை வருஷம் சாமி கும்பிட்டவள், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, எதனா பண்ணுதா?"

இல்லை என்றால் அவள் முகம் வாடும். வாடியதற்காக அவளே தலையைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் வலிப்பு வந்தது. வழக்கம்போல எனக்கு எதுவும் தெரியாது. மறுநாள் டாக்டரம்மாவிடம் வீடியோவைக் காட்டச் சொன்னேன். என் மனைவி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

திரையில் என் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அவள் மணியை அழுத்திவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்க வைக்க வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். வளையல் உடைந்தது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான்தான்" என்று என் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"எப்பவும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? தெரிஞ்சா பண்றீங்க?"

இடம் தெரிந்துவிட்டது. சில மாதம் கழித்து அந்தச் சிறு பகுதியை எடுத்தார்கள். அதன்பின் வலிப்பு வரவில்லை. மாத்திரை தொடர்கிறது. தெரிந்தவர்கள் பெயர் சில சமயம் வாய்க்கு வராமல் நழுவுகிறது. மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறேன்.

குளிக்கும்போது தாழ்ப்பாள் போட மட்டும் இன்னும் அவள் விடுவதில்லை. வெளியே நின்று எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக்கொள்வேன்.